34 பேர், 78 கோடுகள்: ஒரு கராத்தே கழகத்தின் பிளவில் ‘படி’ காட்டியதும் காட்டாததும்

1970 முதல் 1972 வரை, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயங்கிவந்த கராத்தே கழகத்தை வெயின் ஜாக்கரி என்ற மானுடவியல் ஆய்வாளர் தொடர்ந்து கவனித்துவந்தார். அவர் கண்ணெதிரிலேயே அந்தக் கழகம் இரண்டாக உடைந்தது. தகராறு பயிற்சிக் கட்டணத்தில் தொடங்கியது. கற்றுக்கொடுப்பவன் நான், கட்டணத்தை ஏற்றும் உரிமையும் எனக்குத்தான் என்றார் பயிற்சியாளர். நிர்வாகம் என் பொறுப்பு, கட்டணத்தை முடிவுசெய்வதும் கழகமே என்றார் தலைவர். கடைசியில் பயிற்சியாளர் தன்னிச்சையாகக் கட்டணத்தை உயர்த்தப் பார்த்தார் என்று நிர்வாகிகள் அவரை நீக்கினார்கள். அவர் பக்கம் நின்றவர்கள் விலகிப்போய் அவரது தலைமையில் தனிக் கழகம் தொடங்கினார்கள். ஜாக்கரியின் ஆய்வுக் கட்டுரை 1977இல் வெளிவந்தது. அதில் பயிற்சியாளருக்கு மிஸ்டர் ஹை, தலைவருக்கு ஜான் ஏ. என்று மாற்றுப் பெயர்கள்.

சங்கம் உடைவது எந்த ஊரிலும் நடப்பதுதான். இந்தச் சங்கம் மட்டும் கோட்டுருவியல் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதப் பிரிவு) படிக்கும் எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்டதற்குக் காரணம், யார் யாருடன் பழகினார்கள் என்பதை ஜாக்கரி அட்டவணையாகவே அச்சிட்டு வைத்ததுதான். 34 பேர், 78 உறவுகள். ஒரு காகிதத்தில் கையால் வரைந்துவிடலாம். அதனால்தான் கோட்டுருவியலின் முதல் அளவையான படியை இதை வைத்துச் சோதித்துப் பார்ப்பது நல்ல வழி என்று நினைக்கிறேன். கணினி வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

எண்ணுவதற்கு முன்னால், எதை எண்ணுகிறோம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு முனை. இரண்டு பேர் கழகத்தின் பயிற்சி, கூட்டம் ஆகியவற்றுக்கு வெளியேயும் வழக்கமாகப் பழகினால் அவர்களுக்கு இடையே ஒரு விளிம்பு, அதாவது ஒரு கோடு. ஒரே பயிற்சிக் கூடத்தில் அருகருகே நின்று உதைத்துப் பழகியது கணக்கில் வராது. வகுப்பில் சேர்ந்து படிப்பது, வளாகத்தை ஒட்டிய மதுக்கடையில் சேர்ந்து உட்காருவது, வெளிப் போட்டிகளுக்குச் சேர்ந்து போவது என்று எட்டு வகைச் சூழல்களை ஜாக்கரி எடுத்துக்கொண்டார். அவற்றில் எத்தனையில் இருவரும் சந்தித்தார்கள் என்பதே அந்தக் கோட்டின் எடை. ஒரு முனையிலிருந்து புறப்படும் கோடுகளின் எண்ணிக்கை அதன் படி. கோடுகளின் எடைகளைக் கூட்டினால் வருவது எடையிட்ட படி.

வெளியே யாரோடும் பழகாத உறுப்பினர்களும் கழகத்தில் இருந்தார்கள். அவர்கள் இந்தப் படத்தில் இல்லை. படி 0 உள்ள யாரும் இங்கே இல்லாதது அந்தக் கழகத்தின் இயல்பு அல்ல, படத்தை வரைந்த முறையின் விளைவு. சராசரி எதையாவது கணக்கிட்டு இந்தக் கழகம் இப்படிப்பட்டது என்று பேசுமுன் இது நினைவில் இருக்க வேண்டும்.

வெறும் எண்ணிக்கை

மிஸ்டர் ஹை 1ஆம் முனை, ஜான் ஏ. 34ஆம் முனை. படிகளை எண்ணினால் 34க்கு 17, 1க்கு 16. அடுத்து 33ஆம் உறுப்பினருக்கு 12, 3ஆம் உறுப்பினருக்கு 10, 2ஆம் உறுப்பினருக்கு 9. அதற்குப் பிறகு ஒரே சரிவு. 6 உள்ளவர்கள் இரண்டு பேர், 5 உள்ளவர்கள் மூன்று பேர், 4 உள்ளவர்கள் ஆறு பேர், 3 உள்ளவர்கள் ஆறு பேர், 2 உள்ளவர்கள் பதினொரு பேர். ஒரே ஒருவருக்குப் படி 1. அவர் 12ஆம் உறுப்பினர், அவருடைய ஒரே தொடர்பு மிஸ்டர் ஹை.

எண்ணியது சரிதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனைகள் என்பதால், எல்லாப் படிகளையும் கூட்டினால் கோடுகளின் எண்ணிக்கையைப் போல இருமடங்கு வர வேண்டும். கூட்டினால் 156, அதாவது 2 × 78. ஒற்றைப்படைப் படி உள்ள முனைகளின் எண்ணிக்கையும் இதனாலேயே இரட்டைப்படையாக இருக்க வேண்டும். இங்கே அவை 12. கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி ஆய்லர் 1736இல் எழுதியபோது கையாண்ட கணக்கு இதுதான். கையில் வரும் எந்த வலையமைப்புத் தரவையும் முதலில் இதில் போட்டுப் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

சராசரிப் படி 156 ÷ 34, ஏறக்குறைய 4.59. ஆனால் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண் 3. பாதிக்கும் மேற்பட்டோர், சரியாகச் சொன்னால் 18 பேர், மூன்றோ அதற்குக் குறைவாகவோ தொடர்பு உள்ளவர்கள். சராசரியைத் தூக்கி நிறுத்துவது மேலே இருக்கும் ஐந்து பேர். அவர்களின் படிகளை மட்டும் கூட்டினால் 64. மொத்தம் 156இல் இது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல்.

இந்தச் சாய்வை ஒரே எண்ணாகச் சொல்ல லின்டன் ஃப்ரீமன் 1970களின் இறுதியில் ஒரு முறையை எழுதிவைத்தார். அதிகபட்சப் படிக்கும் ஒவ்வொருவரின் படிக்கும் உள்ள இடைவெளிகளைக் கூட்டி, அந்த அளவு வலையமைப்பில் அந்தக் கூட்டல் எட்டக்கூடிய உச்சத்தால் வகுக்க வேண்டும். எல்லோரும் ஒருவரை மட்டுமே சார்ந்திருக்கும் நட்சத்திர வடிவத்தில் விடை 1. எல்லோருக்கும் ஒரே படி என்றால் 0. இங்கே 422 ÷ 1056, அதாவது 0.40. ஒற்றைத் தலைமைக் கழகமாக இருந்தால் இன்னும் உயர்ந்திருக்கும். இரண்டு பேர் ஏறக்குறைய சமமாக நிற்பதால் இந்த எண் நடுவில் தங்கிவிட்டது.

அந்த இரண்டு பேருக்கும் இடையே கோடு இல்லை. கழகத்திலேயே அதிகத் தொடர்பு உள்ள இருவரும் கழகத்துக்கு வெளியே ஒருவரோடொருவர் பழகவில்லை. இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் நாலே பேர்: 9, 14, 20, 32. படிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு 17ம் 16ம் அருகருகே நிற்பது தெரியும், அந்த இரண்டும் தனித்தனி உலகங்கள் என்பது தெரியாது.

நண்பருக்கு நண்பர்கள் அதிகம்

சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991இல் ஒன்றை எடுத்துக்காட்டினார். பெரும்பாலான மனிதர்களுக்கு, அவர்களுடைய நண்பர்களைவிட நண்பர்கள் குறைவு. கேட்டவுடன் முரணாகத் தோன்றும். படிகளின் வர்க்கத்தைக் கூட்டினால் புரிந்துவிடும். இந்தக் கழகத்தில் அந்தக் கூட்டுத்தொகை 1212. அதை 156ஆல் வகுத்தால் 7.77. ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்து அதன் ஒரு முனைக்குப் போனால், அங்கே நிற்பவருக்குச் சராசரியாக எட்டுக்கு நெருங்கிய தொடர்புகள் இருக்கும். ஆளை நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் வரும் சராசரி 4.59 மட்டுமே. காரணம் எளிது. படி 17 உள்ளவர் பதினேழு பேரின் நண்பர் பட்டியலில் பதினேழு தடவை வருகிறார், படி 1 உள்ளவர் ஒரே தடவை.

ஒவ்வொருவராகப் பார்த்தால் இன்னும் தெளிவு. தம் நண்பர்களின் சராசரிப் படியைவிடக் கூடுதல் படி உள்ளவர்கள் இந்தக் கழகத்தில் ஐந்தே பேர்: 1, 2, 3, 33, 34. மீதி 29 பேரும் தங்கள் நண்பர்களுக்குத் தங்களைவிட ஆள்பலம் அதிகம் என்ற நிலையில்தான் இருக்கிறார்கள். படி 6 உள்ள 4ஆம் உறுப்பினரும் இதற்கு விலக்கல்ல. அவருடைய ஆறு நண்பர்களின் படிகள் 16, 10, 9, 5, 4, 2. சராசரி 7.67.

படிகளின் வர்க்கக் கூட்டுத்தொகைக்கு இன்னொரு பெயரும் உண்டு, முதல் ஜாக்ரெப் குறியெண். 1972இல் குட்மன், திரினைஸ்டிச் இருவரும் மூலக்கூறுகளின் எலக்ட்ரான் ஆற்றலை ஆராயும்போது இது முளைத்தது. அங்கே முனை கார்பன் அணு, விளிம்பு பிணைப்பு. வேதியியலில் படியை வைத்துப் பிறந்த குறியெண்கள் பிறகு ஏராளமாகப் பெருகின. மனிதர்களின் வலையமைப்பில் அவற்றை அப்படியே போட்டுப் பொருள் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1212 என்ற எண் இங்கே பயன்படுவது நண்பர் கணக்குக்கு மட்டும்தான்.

யாரை எடுத்தால் உடையும்?

படிப் பட்டியலில் முதலிடம் 34க்கு. கழகத்தில் மிக முக்கியமானவர் ஜான் ஏ. என்று அதை வைத்துச் சொல்லிவிடலாமா? படத்திலிருந்து அவரை அவருடைய 17 கோடுகளோடு நீக்கிப் பார்ப்போம். 15, 16, 19, 21, 23 ஆகிய ஐந்து பேருக்கும் 33 மிச்சம். 27க்கு 30 மிச்சம். 10க்கு 3 மிச்சம். ஒருவர்கூடத் தனியாக விழவில்லை. மீதி 33 பேரும் ஒரே வலையாகத் தொடர்கிறார்கள்.

இப்போது மிஸ்டர் ஹையை நீக்குவோம். 12ஆம் உறுப்பினர் உடனே தனித்துவிடுகிறார். 5, 6, 7, 11, 17 ஆகிய ஐந்து பேரும் தங்களுக்குள் மட்டும் பழகும் சிறு கூட்டமாகத் துண்டிக்கப்படுகிறார்கள். அவர்களில் 17ஆம் உறுப்பினருக்கு மிஸ்டர் ஹையோடு நேரடித் தொடர்பே கிடையாது. அவருக்குத் தெரிந்தவர்கள் 6, 7 இருவர்தான். ஆனாலும் மற்ற கழகத்தோடு அவரை இணைத்துக்கொண்டிருந்தது மிஸ்டர் ஹைதான். 34 முனைகளில், நீக்கினால் வலை துண்டாகும் முனை இது ஒன்றே.

16 தொடர்பு உள்ளவரைச் சார்ந்து ஆறு பேர் இருக்கிறார்கள், 17 தொடர்பு உள்ளவரைச் சார்ந்து ஒருவரும் இல்லை. படியால் இதைப் பார்க்க முடியாது. அது ஒருவரிடமிருந்து எத்தனை கோடுகள் கிளம்புகின்றன என்று மட்டும் கேட்கிறது, அந்தக் கோடுகளுக்கு மாற்று வழி உண்டா என்று கேட்பதில்லை. மற்றவர்களுக்கு இடையிலான குறுகிய பாதைகளில் எத்தனை பங்கு ஒருவர் வழியாகப் போகிறது என்று அளக்கும் இடைமையம் அதைக் கேட்கிறது. அதில் மிஸ்டர் ஹைக்கு 0.44, ஜான் ஏ.க்கு 0.30. வரிசை தலைகீழாகிவிட்டது.

படியையே கொஞ்சம் பொறுமையாகப் பயன்படுத்தினாலும் வேறு காட்சி கிடைக்கும். படி 1, 2, 3 உள்ளவர்களை நீக்குவோம். அதனால் மற்றவர்களின் படி குறையும். மீண்டும் நாலுக்குக் கீழே போனவர்களை நீக்குவோம். இப்படியே போனால் ஒருவரும் குறையாத இடம் வரும். சைட்மன் 1983இல் முன்வைத்த உட்கரு இது. இங்கே மிஞ்சுபவர்கள் பத்துப் பேர்: 1, 2, 3, 4, 8, 9, 14, 31, 33, 34. படி 6 உள்ள 32ஆம் உறுப்பினரும் படி 5 உள்ள 24ஆம் உறுப்பினரும் வெளியே தள்ளப்பட்டுவிட்டார்கள், ஏனென்றால் அவர்களுடைய நண்பர்கள் பலர் ஓரத்தில் இருப்பவர்கள். படி 4 மட்டுமே உள்ள 8ம் 31ம் உள்ளே நிற்கிறார்கள். இந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் பின்னாளில் மிஸ்டர் ஹையோடு போனார்கள், மூன்று பேர் நிர்வாகிகளோடு நின்றார்கள். கழகத்தின் மிக நெருக்கமான முடிச்சின் ஊடேயே பிளவு போனது. ஒட்டாதவர்கள்தான் பிரிந்துபோனார்கள் என்று சொல்ல இந்தத் தரவில் இடமில்லை.

பிளவு நாள்

முடிவில் 17 பேர் இந்தப் பக்கம், 17 பேர் அந்தப் பக்கம். ஜாக்கரி இதை நீரோட்டம் போலப் பார்த்தார். மிஸ்டர் ஹையிடமிருந்து ஜான் ஏ.யிடம் செய்தி போக வேண்டுமானால் எந்த இடம் மிகக் குறுகலாக இருக்கிறது என்று ஃபோர்டு, ஃபல்கர்சன் முறையால் கண்டுபிடித்து, அங்கே வெட்டினார். 34 பேரில் 33 பேர் எந்தப் பக்கம் போனார்கள் என்பது அந்த வெட்டோடு ஒத்துப்போனது.

அவ்வளவு கருவி இல்லாமல், படியைப் பிரித்துப் பார்த்தாலே எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்போம். ஒவ்வொருவருடைய கோடுகளிலும் எத்தனை தம் பக்கம், எத்தனை எதிர்ப் பக்கம் என்று எண்ண வேண்டும். பிளவுக்குப் பிந்திய நிலையை வைத்து எண்ணுவதால் இது முன்கூட்டிச் சொல்வது ஆகாது. ஆனால் ஒருவரின் முடிவுக்கும் அவருடைய பழக்கத்துக்கும் உள்ள ஒட்டுறவை இது அளந்துவிடும்.

78 கோடுகளில் 35 மிஸ்டர் ஹையின் அணிக்குள், 32 நிர்வாகிகள் அணிக்குள். அணிகளைத் தாண்டிப் போன கோடுகள் 11 மட்டும். 34 பேரில் 31 பேருக்குத் தாம் போய்ச் சேர்ந்த அணியில்தான் நண்பர்கள் அதிகம். மிச்சம் மூன்று பேர். 10ஆம் உறுப்பினருக்கு இங்கே ஒன்று அங்கே ஒன்று. 31ஆம் உறுப்பினருக்கு இரண்டு, இரண்டு. 9ஆம் உறுப்பினர் மட்டும் நேர் எதிராகப் போயிருக்கிறார்.

சமமாக நின்ற இருவருக்கும் எடையைச் சேர்த்துப் பார்த்தேன். 10ஆம் உறுப்பினருக்கு 3உடன் எடை 1, ஜான் ஏ.யுடன் எடை 2. அவர் நிர்வாகிகளோடு நின்றார். 31ஆம் உறுப்பினருக்கு மிஸ்டர் ஹையின் பக்கம் மொத்த எடை 5, நிர்வாகிகள் பக்கம் 6. அவரும் அங்கேதான் நின்றார். ஒரே ஒரு கூடுதல் சந்திப்புச் சூழல், முடிவு அந்தத் திசையில். இரண்டு பேரை வைத்து விதி எழுத முடியாது, ஆனால் தொடர்பு உண்டு இல்லை என்று மட்டும் பதிவுசெய்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. எட்டுச் சூழல்களையும் தனித்தனியாகக் குறித்துவைத்த ஜாக்கரியின் பொறுமைக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

3ஆம் உறுப்பினரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய பத்துக் கோடுகளில் ஆறு மிஸ்டர் ஹையின் அணியில், நாலு எதிரணியில். 2002இல் கிர்வன், நியூமன் இருவரும் தங்கள் புகழ்பெற்ற குழுப் பிரிப்பு முறையை இதே கழகத்தில் எடை இல்லாமல் சோதித்தபோது, தவறான பக்கம் போய் விழுந்த ஒரே ஆள் இவர்தான். எடையோடு பார்த்தால் 26க்கு 7. சந்தேகத்துக்கே இடமில்லை.

9ஆம் உறுப்பினரின் கதை வேறு. அவருக்கு ஐந்து கோடுகள். 1, 3 இருவரும் மிஸ்டர் ஹையின் பக்கம். 31, 33, 34 மூவரும் நிர்வாகிகள் பக்கம். எடையிலும் 7க்கு 10. எந்தக் கணக்கைப் போட்டாலும் அவர் ஜான் ஏ.யோடு நிற்க வேண்டியவர். ஜாக்கரியின் வெட்டு தவறவிட்டதும் இவரைத்தான். ஆனால் அவர் கறுப்புப் பட்டைத் தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்த நிலையில் கழகம் உடைந்தது. நிர்வாகிகள் அணி வேறு பாணிக் கராத்தேக்கு மாறுவதாக இருந்தது. அங்கே போனால் அதுவரை சம்பாதித்த தகுதியை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் மிஸ்டர் ஹையோடு போனார்.

இதைக் கணக்கின் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 33 பேரின் நடத்தை பழக்கத்தோடு ஒத்துப்போனதால்தான் இந்த ஒருவரின் நடத்தை தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது, ஏன் என்று கேட்கவும் வைத்தது. பழக்கம் சொல்லும் திசைக்கு எதிராக ஒருவர் நடந்தால், அவருக்கு வேறு ஏதோ பெரிய காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் படத்தில் இருக்காது, ஆளைக் கேட்டால்தான் தெரியும். ஜாக்கரி கூடவே இருந்ததால் அவருக்குத் தெரிந்தது. இன்று கோடிக்கணக்கான முனைகள் கொண்ட சமூக வலைத்தளத் தரவை வைத்துக்கொண்டு இருப்பவர்களுக்கு அந்த 9ஆம் உறுப்பினர்கள் வெறும் பிழை விகிதமாகப் போய்விடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி தரவிலேயே இருக்கும் ஒரு சிக்கல். 1977 கட்டுரையில் அச்சான அட்டவணை சமச்சீராக இருந்திருக்க வேண்டும். இன்னார் இன்னாரோடு பழகுகிறார் என்றால் மறுபுறமும் அதுவே. ஆனால் 23க்கும் 34க்கும் இடையிலான கட்டங்கள் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் தொடர்பு உண்டு, மற்றதில் இல்லை. இதனால் 77 கோடுகள் கொண்ட பிரதி, 78 கோடுகள் கொண்ட பிரதி என இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. மேலே நான் கொடுத்த கணக்குகள் எல்லாம் 78 கோடுகளுக்கானவை.

அந்த ஒரு கோட்டை எடுத்துவிட்டால் படிகளின் கூட்டுத்தொகை 154 ஆகும். சராசரி 4.53க்கு இறங்கும். 23ஆம் உறுப்பினருக்குப் படி 1, ஒரே பிடிமானம் 33. ஆகவே 33ம் நீக்கினால் வலை துண்டாகும் முனையாகிவிடும். ஜான் ஏ.யின் படி 17லிருந்து 16க்கு வரும், மிஸ்டர் ஹைக்குச் சமமாக. படிப் பட்டியலில் அவர் பெற்றிருந்த முதலிடம் ஒரே ஒரு கட்டத்தின் அச்சில் நின்றுகொண்டிருந்தது. மிஸ்டர் ஹையைச் சார்ந்திருந்த ஆறு பேர் எந்தப் பிரதியிலும் மாறவில்லை.